பாம்பின் வாயில் ஓர் ஆட்டோ

இரண்டு குறுக்கம், ஒரு நீளம்.

இன்று காலை அந்த ஹோர்ன் சத்தம் கேட்டதும் குடித்துக்கொண்டிருந்த தேநீரை அப்படியே வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். கேற்றைத் திறந்தால் மீன்காரர் நிற்கிறார். மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி, பெட்டியிலிருந்து சொட்டும் ஐஸ் தண்ணீர்.

"என்ன டீச்சர், மீனெடுக்க ஸ்கூல் பேக்கோட வந்திரிக்கீங்க?"

எதிர்வீட்டுப் பெண் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டுக் கீரி மீன் வாங்கினேன். அவர் யாருக்காகவும் அப்படி அடிக்கவில்லை. கை தற்செயலாக அப்படி விழுந்திருக்கும். ஆனால் கல்முனைக்குடியில் எங்கள் குறுக்கு வீதியில் இரண்டு குறுக்கமும் ஒரு நீளமும் என்றால் என் வீடு. பல வருடங்கள் அதுதான் என் காலை. மீனைக் கழுவும்போதும் அந்தச் சத்தம் விரல்களுக்கிடையில் வழுக்கிக்கொண்டே இருந்தது.

ஸ்கூல் ஹயர் ஓடிய ஆட்டோக்காரர் ஒருவர் எங்களுக்கு இருந்தார். என்னைவிட இளையவர், நான் தம்பி என்பேன். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஹோர்ன். தையல்காரர் வீட்டுக்கு இரண்டு குறுக்கம். பள்ளிவாசலுக்குப் பின்வீட்டுக்கு ஒரே நீளம், ஏனென்றால் அந்த வீட்டுப் பையன் எழும்ப நேரமெடுப்பான். ஒரு சப்பாத்தைக் காலிலும் மற்றதைக் கையிலுமாகப் பிள்ளைகள் ஓடிவருவார்கள். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு பலகை போட்டிருந்தார். அதில் பின்பக்கம் பார்த்தபடி மூன்று பேர், எதிரே நால்வர். ஏழு பிள்ளைகள். கடைசியாக நான் ஏறி ஒரு பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வேன்.

அந்த ஏழில் ஒன்று அவருடைய மகள். மற்ற ஆறு பேரையும்போல அவளும் என் வகுப்பு, தரம் நான்கு. பலகையின் ஓரத்தில் அவளுக்கு நிரந்தர இடம். வேலையும் நிரந்தரம். விரலை நீட்டித் தலைகளை எண்ணுவாள். பிறகு ஆட்டோவின் தகரத்தில் ஒரு தட்டு.

"எட்டு. றைட் வாப்பா!"

அவள் சொல்லாமல் அவர் கியர் போட மாட்டார். பொலிஸ் மறித்தாலும் முதலில் மகளைத்தான் திரும்பிப் பார்ப்பார் என்று எங்கள் வீதியில் பகிடி பண்ணுவார்கள்.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும். பல தடவை எழுதத் தொடங்கி இந்த இடத்தில்தான் எழும்பிப் போயிருக்கிறேன்.

பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்ற காலம் முடிந்து, அது ஒரு கெட்ட கனவுபோல மறக்கப்பட்டுக்கொண்டிருந்த நேரம். குளிரூட்டிய மண்டபமொன்றில் எங்களுக்குச் செயலமர்வு வைத்தார்கள். நிலைபேறான போக்குவரத்தைப் பிள்ளைகளுக்கு விளையாட்டின் மூலம் கற்பிப்பது. நடந்து போ, சைக்கிளில் போ, பஸ்ஸில் போ. புகை குறையும், கடல் எங்கள் வாசலுக்கு வராமல் இருக்கும். எனக்கு அது பிடித்துப்போனது. கடல் ஒருமுறை வாசல் தாண்டி வந்ததைப் பார்த்த ஊர்க்காரி நான். பிடிக்காமல் எப்படி இருக்கும்?

விளையாட்டை வகுப்புகளுக்கிடையே போட்டியாக நடத்துங்கள், முடிவில் பார்க்க வருவோம் என்று சொல்லி ஒரு தாள் தந்தார்கள். இடப்பக்கம் நல்லவை, வலப்பக்கம் கூடாதவை. வலப்பக்கத்தில் கார், மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி, கடைசியில் விமானம். அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, தம்பியின் ஆட்டோவில் ஏறித்தான் வீட்டுக்கு வந்தேன். வழியில் அவர், "என்ன டீச்சர், இண்டைக்கு என்ன படிச்சீங்க?" என்று கேட்டார். "ஒரு விளையாட்டுத் தம்பி," என்று சொன்னேன்.

வேப்பமரத்தடியில் சீமெந்துத் தரை முழுக்கப் பாம்பும் ஏணியும் வரைந்தேன். பிள்ளைகளே காய்கள். பிஸ்கட் பெட்டிக்கு வெள்ளைத்தாள் ஒட்டித் தாயக்கட்டை. காலையில் ஒவ்வொருவரும் எப்படி வந்தோம் என்று சொல்லிவிட்டு உருட்ட வேண்டும். நடந்து வந்தால், சைக்கிளில் வந்தால், பஸ்ஸில் வந்தால் ஏணி. மற்றதெல்லாம் பாம்பு. ஒவ்வொரு பாம்பின் வாயிலும் ஒரு வாகனத்தை வரைந்தேன். பெரிய பாம்பு கடைசிக்கு மிச்சமிருந்தது. கையில் மிஞ்சியிருந்தது நீல வெண்கட்டி மட்டும்தான். அந்த வாயில் ஒரு நீல ஆட்டோவை வரைந்தேன்.

தம்பியின் ஆட்டோ நீலம்.

வரையும்போது அது எனக்குத் தோன்றவே இல்லை. பிள்ளைகளுக்கு ஒரு கணம்கூடத் தேவைப்படவில்லை.

"நம்பர் பிளேட்ட மறந்திட்டீங்க டீச்சர்!" என்றான் ஒருத்தன்.

"ஆட்டோக்காரன்ட மகள் பாம்புட வயித்துக்குள்ள!" என்றான் இன்னொருத்தன். தினமும் தகப்பனின் மோட்டார் சைக்கிளில் வருகிறவன் அவன். அவனுக்கும் பாம்புதான், சிறிய பாம்பு.

அவள் சும்மா விடவில்லை. "போடா. உங்கட வாப்பாட பைக் போனா எங்கட ரோட்டுல நுளம்புக்குப் புகை அடிக்கத் தேவல்ல."

வகுப்பே சிரித்தது. ஆனால் அவள் சிரிக்காமல் என்னிடம் திரும்பினாள்.

"டீச்சர், எங்கட ஆட்டோல ஏழு புள்ளையள் வாற. நீங்களும் வாறீங்க. எட்டு. இவன்ட பைக்ல இவன் ஒராள். இவனுக்கும் பாம்பு, எங்களுக்கும் பாம்பா?"

நல்ல கேள்வி. குளிர் மண்டபத்தில் நாற்பது ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்தும் யாருக்கும் வராத கேள்வி. எங்கள் ஒழுங்கைகளுக்குள் பஸ் வராது. எட்டுப் பேரை ஒரே எஞ்சினில் ஏற்றிக்கொண்டு வருகிற அந்த நீல வண்டிதான் எங்கள் பஸ். இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அன்றைக்கு என் கையில் தாள் இருந்தது, வெயில் ஏறிக்கொண்டிருந்தது, பின்வரிசையில் இரண்டு பேர் சண்டை.

"விளையாட்டெண்டா சட்டம் இரிக்கிதானே புள்ள," என்றேன். "சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான்."

அவள் பாம்பின் வாலடியில் போய் நின்றாள். அந்த இரண்டு கால்களையும் மறக்க முடியவில்லை. வெள்ளைச் சப்பாத்து, குதிக்கால்கள் ஒட்டி, அணிவகுப்பில் நிற்பதுபோல.

அன்று பின்னேரமே நான் தம்பியிடம் சொல்லிவிட்டேன். போட்டி முடியுமட்டும் நானும் சைக்கிளில் வரப்போகிறேன், பிள்ளைகளுக்கு ஒரு முன்மாதிரி வேண்டுமே. அவர் தலையை ஆட்டினார். "அது நல்லம் டீச்சர். உடம்புக்கும் நல்லம்." அப்படித்தான் முதலில் இறங்கியது நான்.

கச்சான் காற்று அடிக்கிற மாதம். வயல் பக்கமிருந்து நெருப்பை ஊதிவிட்டதுபோல வரும், காலை ஏழு மணிக்கே முகம் எரியும். மறுநாள் சைக்கிளை மிதித்துக்கொண்டு கடற்கரை வீதியால் வந்தால், முன்னால் நீல ஆட்டோ நத்தையாக ஊர்கிறது. அதன் பக்கத்தில் அவள் நடக்கிறாள். பர்தா வியர்வையில் ஒட்டியிருக்கிறது, புத்தகப்பை முதுகில். ஆட்டோவுக்குள்ளிருந்து மற்ற ஆறு தலைகளும் வெளியே நீட்டி, "ஏறுடி! ஏறுடி!" என்று கத்துகின்றன. அவர்கள் இருக்கும் கடலடி வீட்டுத்திட்டத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது சின்னத் தூரமில்லை.

"என்ன தம்பி இது?"

"என்னத்தச் சொல்ற டீச்சர்." அவர் சிரித்தார். "ஏறு மகள் எண்டா ஏறுறாளில்ல. தனிய உடவும் ஏலா, மெயின் ரோட்டக் கடக்கணும். அதான் ஜனாஸா தூக்கிப் போறாக்களுக்குப் பின்னால போற மாதிரிப் போய்க்கிட்டிரிக்கன்."

"வாப்பா, கதைக்காம வாங்க. பிந்திடும்," என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல்.

முதலாம் கியரில் எஞ்சின் முனகியது. நடக்கிற ஒரு பிள்ளைக்குக் காவலாக எரிந்த அந்தப் பெற்றோல் என் விளையாட்டில் எந்தக் கட்டத்திலும் இல்லை. அவள் அன்று ஏணி ஏறினாள். கைதட்டினோம். நானும் தட்டினேன்.

ஒரு கிழமைக்குள் ஆட்டோவுக்கு வெளியே நீளுகிற தலைகள் நான்காயின. பிறகு இரண்டு. தையல்காரரின் மனைவி பள்ளிக்கூடக் கேற்றடியில் என்னைப் பிடித்தா.

"டீச்சர், மகன் ஆட்டோல ஏறமாட்டானாம். ஏறினா பாம்பாம். காலங்காத்தால ஒரே அழுகை."

"நல்லதுதானே, நடக்கட்டும்," என்றேன்.

"ஓம் ஓம், நடக்கிறான்," என்று சொல்லி எங்கேயோ பார்த்தா. அந்தப் பார்வை எனக்கு அப்போது விளங்கவில்லை.

சப்பாத்துகள்தான் காட்டிக்கொடுத்தன. கச்சான் காலத்தில் எங்கள் வீதியால் நடந்தால் வெள்ளைச் சப்பாத்து மண்ணிறமாகிவிடும். அவளுடைய சப்பாத்து அப்படித்தான் இருந்தது. ஏணியில் ஏறிக்கொண்டிருந்த மற்றவர்களுடையவை பெட்டியிலிருந்து எடுத்தவைபோல வெள்ளை. ஒருநாள் வழமையான வீதியை விட்டுப் பேக்கரிச் சந்தியால் கிறுகிப் போனேன். அங்கே, பள்ளிக்கூடக் கேற்றுக்குத் தெரியாத மூலையில், மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒவ்வொரு பிள்ளை இறங்கி, பையைச் சரிசெய்து, கடைசி ஐம்பது அடியை நடக்கப் புறப்பட்டது.

என்னைக் கண்ட ஒரு தகப்பன் ஹெல்மெட்டைக் கழற்றினார். "பொடியன் இஞ்சதான் இறக்கச் சொன்னான் டீச்சர். கேற்றடிக்குக் கொண்டுவந்தா பாம்பு கடிச்சிருமாம்." பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். "ஆட்டோக்காரன நிப்பாட்டினதில எனக்குத்தான் மெனக்கேடு. கடை துறக்கப் பிந்துது. போட்டி எப்ப டீச்சர் முடியிற?"

ஓர் ஆட்டோ ஓடிய இடத்தில் ஆறு மோட்டார் சைக்கிள்கள். அதை நான் என் கண்ணால் கண்டேன். அப்போதே வகுப்புக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும், பிள்ளைகளே, விளையாட்டுப் பிழைத்துவிட்டது, அழிப்போம் என்று. ஆனால் மறு கிழமை அதிகாரிகள் பார்க்க வருவதாக இருந்தது. எங்கள் வகுப்புத்தான் முதலிடம். அதிபர் வாசலில் கட்டப் பெனருக்குச் சொல்லிவிட்டார். நான் சைக்கிளில் ஏறிப் பேசாமல் வந்துவிட்டேன். தெரியாமல் செய்தது நீல வெண்கட்டி. தெரிந்து செய்தது இது.

அந்தக் கிழமை முழுக்க ஆட்டோ வெறுமையாக ஊர்ந்தது. பக்கத்தில் அவள் மட்டும். தம்பி இப்போது பகிடி விடவில்லை. என்னைக் கண்டால் சலாம் சொல்லிவிட்டு ரோட்டைப் பார்ப்பார்.

போட்டி நாளில் அதிகாரிகள் ஆளுக்கொரு வாகனத்தில் வந்து இறங்கினார்கள். தரையில் கடைசிக் கட்டத்தில் அவள் நின்றாள். பச்சை மட்டையில் வெட்டிய பதக்கத்தைக் கழுத்தில் போட்டு, படமெடுத்து, நன்றாகத் தட்டினார்கள். உண்மையிலேயே நடந்து வந்த ஒரே பிள்ளை அவள்தான் என்று எனக்கும் அவளுக்கும் தெரியும். பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும்.

"வாப்பா வரல்லயா மகள்?" என்று கேட்டேன்.

"வாப்பா கொழும்புக்குப் போயிட்டாரு. மெடிக்கலுக்கு."

எங்கள் ஊரில் ஒருவர் நோயில்லாமல் மெடிக்கலுக்குக் கொழும்பு போனால், அவர் வெளிநாடு போகப்போகிறார் என்று அர்த்தம். பதக்கம் வெயிலில் சுருளத் தொடங்கியிருந்தது. அவள் அதைக் கழற்றிக் கணக்குக் கொப்பிக்குள் வைத்தாள்.

மறுகிழமை, கொழும்பிலிருந்து திரும்பியிருந்த தம்பியின் வீட்டுக்குப் போனேன். அவர்களுடைய வீட்டுக்குப் பின்னால் இன்னொரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. சன்னல் மட்டம் வரை சுவர், அதற்கு மேல் வானம். எங்கள் பக்கம் பெண்பிள்ளை பிறந்த தகப்பனுக்கு வேறு திட்டமெல்லாம் கிடையாது. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருவார். வருகிறவருக்கு வீடு இருக்க வேண்டும். பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாலே தகப்பன் கல்லடுக்கத் தொடங்குவார். தம்பி காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து, பகலில் தன் கையாலேயே வைத்த கற்கள் அவை. சுவரின் மேல் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது.

"சந்தியில நிண்டு பார்த்தன் டீச்சர்," என்றார். "அங்க ஏற ஆளில்ல, ஆட்டோதான் நிறைய. ஸ்கூல் ஹயர் இல்லாட்டி இந்தச் சுவர் இப்பிடியேதான் நிக்கும்."

"போட்டி முடிஞ்சிட்டுத் தம்பி. புள்ளையள் திரும்ப வருவாங்க. நான் வீடு வீடாப் போய்ச் சொல்றன்."

"தாய்மார் பழகிட்டாங்க. பைக்ல போனா அஞ்சு நிமிசம் கூட நித்திர கொள்ளலாமாம்."

"விளையாட்ட மாத்தப்போறன். நிறைய ஆள் ஏத்திக்கிட்டு வாற வாகனம் எண்டா ஏணி. ஆட்டோவும் ஏணிதான்."

அவர் சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு. அதைத்தான் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

"அதத்தானே டீச்சர் எண்ட மகள் முதல் நாளே உங்களுக்கிட்டக் கேட்டாளாம்."

அவர் மனைவி பிளேன்ரீ கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டா. அந்த வீட்டில் என்மேல் கோபப்பட்டவ அவ ஒருத்திதான். அது எனக்குச் சின்ன ஆறுதலாக இருந்தது. ஆட்டோ முற்றத்தில் இல்லை. நாவிதன்வெளியில் ஒருவர் வாங்கிப் போயிருந்தார், விதைநெல்லும் உரமும் ஏற்ற. வாங்கியவர் முதல் வேலையாகப் பலகையைக் கழற்றிவிட்டாராம். அது சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஓரத்தில், அவள் உட்காருகிற இடத்தில், வண்ணம் தேய்ந்து மரம் தெரிந்தது.

நான் சொன்னபடி மாற்றினேன். தண்ணீர் ஊற்றித் தேய்த்துப் பெரிய பாம்பை அழித்து, அந்த இடத்தில் ஏணி வரைந்தேன். ஏணியின் அடியில் நீல ஆட்டோ, உள்ளே எட்டுத் தலைகள். பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"இப்ப ஏற ஆட்டோ இல்லயே டீச்சர்," என்றான் தையல்காரரின் மகன்.

தாயக்கட்டை தம்பியின் மகளிடம் வந்தபோது உருட்டாமல் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டாள்.

அவர் புறப்பட்ட நாள் பின்னேர அஸர் தொழுகை முடிந்த கையோடு வான் வந்தது. கட்டாருக்குப் போகிறவர்களை ஊர் ஊராக ஏற்றிக்கொண்டு விமான நிலையம் போகிற வான். உள்ளே பக்கத்து ஊரான பாண்டிருப்புப் பொடியன்கள் இரண்டு பேர் நெற்றியில் திருநீற்றோடு உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் ஐந்தாறு பேர். எல்லாரும் ஒரே மாதிரி புதிய சேர்ட், மடிப்புக் கலையாமல். வான்காரர் பொறுமையில்லாமல் ஹோர்ன் அடித்தார். அதில் எந்த வீட்டுக்கும் உரிய கணக்கு இல்லை, வெறும் சத்தம்.

தம்பி மனைவியிடம் ஏதோ சொன்னார். உறவுக்காரர்களுக்குக் கை கொடுத்தார். மகளின் தலையில் கை வைத்து ஓதி ஊதினார். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள், அழவில்லை. அவர் ஏறிச் சன்னலோரம் உட்கார்ந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர்."

"என்ன மகள்?"

"பிளேன் பாம்பா, ஏணியா?"

தாளில் அது வலப்பக்கம், கடைசி வரி. அவளுக்குத் தெரியும். அவள் அந்தத் தாளை என் மேசையில் எத்தனையோ தரம் வாசித்திருக்கிறாள். ஆனாலும் கேட்டாள். சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான் என்று அவளுக்குச் சொன்னதும் நான்தான்.

சன்னலுக்குள்ளிருந்து அவர் தலையை நீட்டினார்.

"ஏணிதான் மகள். ஆள் நிறைஞ்சிதான் போகுமாம். ஒரு சீற்றும் வெறுசா இரிக்காதாம்."

அவள் வானுக்குக் கிட்டப் போனாள். குதிக்காலை உயர்த்தி உள்ளே எட்டிப் பார்த்து, விரலை நீட்டி ஒவ்வொரு தலையாக எண்ணினாள். தகப்பனின் தலையைக் கடைசியாக. பிறகு உள்ளங்கையால் தகரத்தில் ஒரு தட்டு.

"ஒம்பது. றைட் வாப்பா."